வெம்பல்

இருதயம் என்ற சொல்லைக் கதை எழுதுகிறவர்கள் கெடுத்தது போதாதென்று, இப்போது வியாபாரிகளும் கெடுக்கப் புறப்பட்டிருக்கிறார்கள். எங்கள் பங்குக் குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நாவல்களில் இருதயம் வெடித்திருக்கிறது, உருகியிருக்கிறது. ஒரு தொடர்கதையில், பத்திரிகை ஆசிரியரின் அவசரத்துக்காக, ஒரே அத்தியாயத்தில் இரண்டு தடவை நின்று மூன்று தடவை துடித்திருக்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டு எவரும் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்ததில்லை. வியாபாரிகளிடம் கொடுக்கிறார்கள்.

என் அக்காள் புருஷர் கொடுத்தார். சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். வயது அறுபதைத் தொட்டபோது நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. சாயங்காலமானால் கால் வீங்கியது. பார்த்த டாக்டர், இருதயம் பெருத்துத் தளர்ந்துவிட்டது, 'பம்பிங்' 30 சதவிகிதம்தான் இருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். மாத்திரையால் நோய் போய்விடுமா என்று அத்தான் கேட்டார். போகாது, கட்டுக்குள் இருக்கும், ஆயுசு நீளும் என்று அந்த மனிதர் உள்ளதைச் சொன்னார். உள்ளதைச் சொன்ன குற்றத்துக்காக அவர் ஒன்றும் தெரியாத டாக்டராகிவிட்டார்.

அப்புறம் எவரோ வழவழப்பான காகிதத்தில் வர்ணப்படம் போட்ட ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 'ஸ்டெம் செல்' சிகிச்சையாம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்து, இருதயத்துக்கு அனுப்பினால் அங்கே புதுத் தசை முளைத்துவிடுமாம். ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். அது ஒன்றுதான் அப்படி என்று நினைக்க உங்களுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். கொடிக்காலில் பாதி போயிற்று. ஊசி போட்டார்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி பரிசோதித்தபோது பம்பிங் அதே 30-ல் நின்றது. வேடிக்கை என்னவென்றால், அத்தான் இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார். "மனசுக்கு ஒரு தெம்பு வந்துச்சுல்ல மாப்பிள்ளே?" என்பார். பாதிக் கொடிக்கால் விலைக்கு வாங்கிய தெம்பை அவர் எப்படி விட்டுக்கொடுப்பார்?

எலும்பு மஜ்ஜையின் மூல அணுக்கள் இரத்தத்தை உண்டாக்குகிறவை. இருதயத் தசையை உண்டாக்குவதில்லை. உண்டாக்கும் என்று ஒரு காலத்தில் பெரிய இடத்திலிருந்தே சொன்னார்கள் என்பதும் உண்மைதான். 2001-ல் அமெரிக்காவில் பியரோ அன்வெர்சா என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் எலியின் மஜ்ஜை அணு இருதயத் தசையாக மாறியதென்று எழுத, உலகமே கைதட்டியது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது மாறவில்லை. கடைசியில் 2018-ல், அவர் வேலை பார்த்த ஹார்வர்டு பல்கலைக்கழகமும் அதன் ஆஸ்பத்திரியும், அவருடைய கூடத்திலிருந்து வெளிவந்த 31 கட்டுரைகளில் பொய்யோ புனைவோ கலந்திருக்கிறது, அவற்றை வாபஸ் வாங்கவேண்டும் என்று பத்திரிகைகளுக்கு எழுதின. நம்முடைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2017-ல் வெளியிட்ட நெறிமுறையில், இரத்த சம்பந்தமான சில நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது, அனுமதி பெற்ற பரிசோதனையாக மட்டுமே செய்யலாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்கு உட்படுகிறவனிடம் அதற்குக் காசு வாங்குவது எந்த ஊர் நியாயம்? வர்ணப்படப் புத்தகத்தில் இதெல்லாம் அச்சாவதில்லை.

சரி, கிராமத்து மனிதர் ஏமாந்தார், நாம் படித்தவர்கள் என்று நீங்கள் நிமிர்ந்து உட்காரவேண்டாம். உங்கள் வீட்டில் பேரன் பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தைப் பத்திரப்படுத்தி வைக்க எவ்வளவு கட்டினீர்கள்? நாளைக்கு அவனுக்கு இருதய நோய் வந்தாலும் அதிலிருந்து மருந்து எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்களா இல்லையா? தன் சொந்த உபயோகத்துக்காக அதைச் சேமித்து வைப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று அதே ஆராய்ச்சிக் கழகம்தான் சொல்கிறது. பத்திரப்படுத்துகிற கம்பெனிக்காரர் அதைச் சொல்வார் என்று எதிர்பார்க்க நாம் குழந்தைகளா?

இந்த வியாபாரத்தைத் திட்டிவிட்டுப் போய்விட்டால் என் வேலை சுலபம். ஆனால் இருதயத் தசையை நிஜமாகவே வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்த பிறகுதான் வியாபாரியின் குற்றம் எத்தனை பெரிது என்று எனக்குப் புரிந்தது.

ஜப்பானில் ஷின்யா யமனாகா என்பவர் 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதரிலும் ஒரு காரியம் செய்து காட்டினார். வளர்ந்து முடிந்த தோல் அணுவுக்குள் நான்கு ஜீன்களைச் செலுத்தி, அதைக் கருவின் ஆரம்ப நிலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். கிழவனைத் தொட்டிலுக்கு அனுப்பியது மாதிரி. 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படித் திரும்பிய அணுவுக்குத் தக்க ரசாயனங்களைத் தக்க நாளில் கொடுத்தால் அது இருதயத் தசை அணுவாகிறது. எட்டு, பத்து நாளில் கண்ணாடித் தட்டில் துடிக்கவும் தொடங்கிவிடுகிறது. சினிமாப் படமாக எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ரோஜாநிறத் திரவத்துக்குள் ஒரு பொட்டு, தன்பாட்டுக்குச் சுருங்கி விரிகிறது. பார்த்தவனுக்கு உடம்பு சிலிர்க்கும். எனக்குச் சிலிர்த்தது. பத்திரிகைக்காரர்களுக்கும் சிலிர்த்திருக்க வேண்டும். 'ஆய்வுக்கூடத்தில் இருதயம் தயார்' என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள்.

தயாராகவில்லை. அந்தத் துடிப்புத்தான் அது தயாராகவில்லை என்பதற்குச் சாட்சி. வளர்ந்த மனிதனின் இருதயத்தில், இரத்தத்தை இறைக்கும் கீழறைத் தசை தானாகத் துடிப்பதே இல்லை. மேலே ஓர் இடத்திலிருந்து மின் உத்தரவு வரும்வரை அடங்கிக் கிடக்கும், வந்தவுடன் முழுப் பலத்தோடு இழுக்கும், மறுபடி அடங்கும். உத்தரவில்லாமல் தன் இஷ்டத்துக்குத் துடிக்கிறது தட்டில் இருக்கிற அணு. காரணம், அது பச்சைக் குழந்தை. நீண்டு செங்கல்போல் அடுக்காமல் உருண்டு கிடக்கிறது. உள்ளே தசை நார்கள் வரிசை பிடிக்கவில்லை. உத்தரவை ஆழத்துக்குக் கொண்டுபோகிற குழாய்கள் இன்னும் உண்டாகவில்லை. வளர்ந்த இருதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்துப் பலம் எடுக்கிறது. இதுவோ கருவில் இருக்கிற சிசுவைப் போலச் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கிறது.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் உண்டு. மாமரத்தில் சில காய் நோயாலோ வெயிலாலோ முற்றுவதற்கு முன்பே மஞ்சளாகும். நிறத்தைப் பார்த்தால் பழம், கடித்தால் துவர்ப்பு. வெம்பல் என்போம். நோய் இல்லாவிட்டாலும் கார்பைட் கல்லை வைத்து மனிதனே வெம்ப வைத்துவிடுகிறான். சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சித்திரை மாதம் பழக்கூடையில் மூக்கை வைத்துப் பார்த்தவர்களுக்குச் சட்டத்தின் செல்வாக்குத் தெரியும்.

வெம்பலைத் தின்றால் வயிறுதான் வலிக்கும். முற்றாத தசை அணுவை இருதயத்தில் வைத்தால் என்ன ஆகும்? வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மர்ரி என்பவரின் குழு, நோயுற்ற குரங்கு இருதயங்களில் மனித மூல அணுவிலிருந்து வளர்த்த தசை அணுக்களை, ஒவ்வொன்றுக்கும் 100 கோடி வீதம் செலுத்தியது. அவை நிஜமாகவே ஒட்டிக்கொண்டன, பழைய தசையோடு சேர்ந்து துடித்தன, பெரிய வெற்றி. கூடவே, அணுக்களைப் பெற்ற குரங்குகளின் நாடி தாறுமாறாக ஓடியது. அந்தக் குழு இரண்டையும் மறைக்காமல் எழுதியது. அடங்கத் தெரியாத குழந்தையை ஆயிரம் பேர் ஒத்து நடக்கிற அணிவகுப்பில் நுழைத்தால் அப்படித்தான் ஆகும்.

அப்படியானால் முற்ற வைப்பது எப்படி? நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோர்டானா வுன்யாக்-நோவகோவிச் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2018-ல் வெளியிட்ட வேலை, நாவலாசிரியனான என்னைப் பொறாமைப்பட வைத்தது. அணுக்களை இரண்டு மெல்லிய தூண்களுக்கு நடுவில் இழையாகக் கட்டி, இழுபட வைத்து, வெளியிலிருந்து மின்சாரத்தால் உத்தரவு கொடுத்துத் துடிக்கப் பழக்கினார்கள். நிமிஷத்துக்கு 120 துடிப்பில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 360 வரைக்கும் கொண்டுபோய், பிறகு பழைய 120-க்கே இறக்கினார்கள். பழக்கத்தைச் சிறு பருவத்திலேயே தொடங்கவேண்டும், சுமையைப் படிப்படியாக ஏற்றவேண்டும். நாள் தாழ்த்தித் தொடங்கினாலும், ஒரே சுமையைக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் அவ்வளவு முற்றவில்லை. நாலு வாரத்தில் குழாய்கள் உண்டாயின, நார்கள் வரிசை பிடித்தன, சாப்பாடு மாறியது. அப்போதும் வளர்ந்த இருதயத்தின் முழுப் பலம் அதற்கு வரவில்லை. வேறு பலர் தைராய்டு சுரப்பைக் கொடுத்தும், சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை ஊட்டியும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். தாயின் வயிற்றிலும் அதன் பிறகும் வருஷக்கணக்கில் நடக்கிற காரியத்தை நாலு வாரத்தில் நடத்தப் பார்க்கிறவர்கள், குறை சொல்லத் தகாத மனிதர்கள். அவர்களும் அவசரப்படுகிறவர்கள்தான், ஆனால் தங்கள் அவசரத்தைக் கணக்கு வைத்துக்கொள்கிறவர்கள்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். இதன் ஒரு முக்கியமான அத்தியாயம் மதுரையில் எழுதப்பட்டது. அது எத்தனை மதுரைக்காரர்களுக்குத் தெரியும் என்பதே என் புகார்.

நாகமலைப் புதுக்கோட்டைக்கு அப்பால் இருக்கிற மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் தண்டபாணி. அதே பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போனவர் சக்திவேல் சடையப்பன். ஹைதராபாத்தில் தங்கராஜ். இவர்களும் இன்னும் பல ஊர் விஞ்ஞானிகளும் டாக்டர்களும் சேர்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருதயத் தசையின் ஒரு புரதத்துக்கான ஜீனில் 25 எழுத்துக்கள் விடுபட்டுப்போன குறை, நம் துணைக்கண்டத்து ஜனங்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறது. அது இருக்கிறவர்களுக்கு இருதயத் தசை நோய் வரும் வாய்ப்புச் சுமார் ஏழு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இந்தக் குறை சுமார் 33,000 வருஷங்களுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்றும் கணக்கிட்டார்கள். அத்தனை காலம் அது எப்படி அழியாமல் வந்தது? அங்கேதான் சூட்சுமம். இளமையில் கெட்டுப்போன புரதத்தை உடம்பு கழித்துக்கட்டிவிடுகிறது. வயது ஏற ஏற அந்தச் சக்தி குன்றி, நடுவயதுக்கு மேல் நோய் தலைகாட்டுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் குறையைக் கொடுத்துவிட்ட பிறகு!

அதற்கப்புறம் கதை இன்னும் நுட்பமாயிற்று. 2018-ல் சடையப்பனின் குழுவும், 2020-ல் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்களும், இந்தக் குறை உள்ளவர்கள் எல்லாருக்கும் ஆபத்தில்லை, கூடவே இன்னொரு எழுத்து மாற்றமும் சேர்ந்திருக்கிற சிறு பகுதியினருக்கே ஆபத்து மிகுதி என்ற முடிவுக்கு வந்தார்கள். இரண்டு குழுக்களும் சொல்கிற இரண்டாவது மாற்றம் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. 2018-ல் சாட்சிக்கு அழைக்கப்பட்டவை இரத்தக் குழாயும் ஸ்கேன் படமும் மட்டுமல்ல. குறையுள்ளவர்களின் மூல அணுவிலிருந்து தட்டில் வளர்த்த இருதயத் தசை அணுக்களும்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் தலைகாட்டுகிற ஒரு நோயைப் பச்சைக் குழந்தையாக இருக்கிற அணுவில் தேடினால் எவ்வளவு தெரியும்? இளமையில் ஒளிந்துகொள்வதுதானே அதன் சுபாவம்! எவருக்கு நோய் வரும், எவர் பயப்படாமல் தூங்கலாம், எந்த மருந்து கெட்ட புரதத்தைக் கழிக்கும் என்று அறிய, அணு முற்றவேண்டும். தட்டில் அணுவை முற்ற வைக்கிற வித்தை உலகத்தில் எவருக்காவது அவசியம் என்றால், அது முதலில் நூற்றுக்கு நாலு பேர் இந்தக் குறையைச் சுமக்கிற நமக்கு அவசியம்.

அதற்கு நாம் என்ன செய்கிறோம்? தண்டபாணி பெங்களூரில் ஸ்டெம் செல் விஞ்ஞான நிறுவனத்தில் இருதய ஆராய்ச்சிக்கூடம் ஏற்படுத்தினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நல்ல காரியங்கள்தான். ஆனால் விதை முளைத்த இடமான மதுரைப் பல்கலைக்கழகத்தில் 2024-ல் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் பாக்கி நின்று, ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வாரங்களில் இந்த ஊரில் ஸ்டெம் செல் என்ற பெயரால் எத்தனை லட்சம் கைமாறியிருக்கும் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. துடிக்கிறதைக் காட்டினால் மடியை அவிழ்க்கிறோம். முற்றுவதற்குக் காத்திருக்கிறவனுக்கு மாதச் சம்பளம் தருவதில்லை. ஆராய்ச்சி மாணவன் ஒருவனுடைய அணுக்கள் ஞாயிற்றுக்கிழமை என்று சாப்பிடாமல் இருப்பதில்லை. அவன் பஸ் ஏறிப்போய் ஊட்டவேண்டும். ஒரு நாள் மின்சாரம் நின்றால் மூன்று மாத உழைப்பு செத்துப்போகும். அவனுக்கு வர்ணப்படப் புத்தகம் போடுகிறவர் யாருமில்லை.

இதற்கிடையில், இதெல்லாம் நமக்குப் பழைய சங்கதி என்கிற கனவான்கள் வேறு. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரஸ் மேடையிலேயே ஒரு துணைவேந்தர், கௌரவர்கள் நூறு பேரும் ஸ்டெம் செல் வித்தையால் பிறந்தவர்கள் என்று பேசினார். எனக்கும் மகாபாரதம் பிடிக்கும். அதனால்தான் கேட்கிறேன்: அந்தக் கதையை அவர் படித்திருக்கிறாரா? குந்திக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று கேட்டுப் பொறுக்கமாட்டாமல் காந்தாரி தன் வயிற்றில் அடித்துக்கொண்டாள். முற்றாத பிண்டம் விழுந்தது. வியாசர் வந்து அதைப் பகுத்து நெய்க்குடங்களில் போட்டு, இரண்டு வருஷம் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆய்வுக்கூடம் நடத்தியதாக எங்கும் இல்லை. அவசரப்பட்ட ஒரு தாயும், மூடி வைத்துவிட்டுப் பொறுத்திரு என்ற ஒரு கிழவரும்தான் அதில் இருக்கிறார்கள். நம் கனவான்களோ குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த இரண்டு வருஷத்தை விட்டுவிட்டார்கள்.

என் வாதத்துக்கு ஒரே ஒரு பதில்தான் என்னைச் சுட்டது. அதைச் சொன்னவர் அத்தான். "காத்திருன்னு நீ லேசாச் சொல்லிட்டே மாப்பிள்ளே. காத்திருக்கிறதுக்கு உசிரு வேணும்ல?" என்றார். வாய் அடைத்துப்போயிற்று. மனிதனுக்கு இருபத்தைந்து வயதிலேயே வருஷத்துக்கு நூற்றுக்கு ஒரு இருதயத் தசை அணுதான் புதிதாகிறது. எழுபத்தைந்தில் அதிலும் பாதிதான் என்று ஸ்வீடன் தேசத்தார் 2009-ல் கண்டிருக்கிறார்கள். தேய்ந்தது தேய்ந்ததுதான். ஜப்பானில் ஒஸாகாவில் 2020-லும், ஜெர்மனியிலும், வளர்த்த தசையை ஒட்டுப்போட்டு நோயாளிகளில் பரிசோதித்திருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணுகிற தொகை. அத்தானின் முறை எப்போது வரும் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் சாகிறவனுக்கு எதை விற்றாலும் தர்மம் என்று ஆகிவிடாது. தளர்ந்த இருதயத்தோடு பல வருஷம் வாழவைக்கிற மாத்திரைகள், ஆயிரக்கணக்கான பேரிடம் சோதித்து நிரூபித்தவை, பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஊசி போட்டுக்கொண்ட தைரியத்தில் எட்டு மாதம் அதை நிறுத்திவைத்திருந்தார் அவர். அந்த எட்டு மாதத்துக்கு எவரிடம் நஷ்டஈடு கேட்பது?

அகத்தி எழும்புவதற்கு முன்னால் எந்தக் கொடிக்கால்காரனாவது வெற்றிலைக் கொடியை நட்டதுண்டா அத்தான் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். வெற்றிலையும் இருதயமும் ஒன்றா என்று கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

போன மாதம் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, விற்றது போக மிச்சமிருந்த கொடிக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அமெரிக்காக்காரன் தட்டுல வளர்த்தானே, அது முத்திருச்சா?" என்றார்.

"இன்னும் இல்லை அத்தான்."

"எத்தனை நாளாகும்?"

"தெரியலை."

அக்காள் உள்ளேயிருந்து மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துப் போட்டுக்கொண்டார்.